அந்த 'இன்னும்' எந்த வருடத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் சென்னையின் பகுதிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தீர்கள். அதன் கீழே, வட சென்னை இன்னும் குடியிருக்க ஏற்ற இடமாகவில்லை என்று ஒரு வரி. தண்டையார்பேட்டையில் பிறந்து 52 வருடமாக இங்கேயே இருப்பவள் நான். என் மகள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டாள்.

அந்த 'இன்னும்' எந்த வருடத்தது? நீங்கள் போட்டது 2011 கணக்கெடுப்பு. அதிலும் வீட்டு விவரங்கள் 2010-லேயே எடுத்தவை. 2021-ல் எடுக்க வேண்டியது நடக்கவே இல்லை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் மூன்றையும் சென்னைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். கணக்கெடுத்தபோது அவை திருவள்ளூர் மாவட்ட நகராட்சிகள். உங்களுக்குத் தெரியாததா?

அன்று கணக்கெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சரம்மா எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம், தம்பி மொட்டை மாடியில் படுப்பான். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுவர் பெயர்ந்து கிடந்தது. ஆனாலும் அம்மா, "நல்லாத்தான்மா இருக்கு" என்றாள். வந்தவர் முன்னால் வீட்டைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னபடி எழுதிக்கொண்டார். குழாய் வீட்டுக்குள்ளா என்றார், ஆமாம் என்றோம். தண்ணீர் வருகிறதா என்று அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அடி பம்பில் குடத்தோடு நின்றவள் நான்தான். அந்தத் தண்ணீரிலும் எண்ணெய் வாடை அடித்த நாட்கள் உண்டு. எத்தனை மனு கொடுத்தோம்! அடையாறில் ஒரு குழாய், இங்கே ஒரு குழாய், உங்கள் அட்டவணையில் இரண்டும் ஒன்றுதான்.

ஊருக்கு மின்சாரமும் பெட்ரோலும் எங்கள் பக்கமிருந்து வேண்டும். ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு வரும். ஆனால் என் மகள் தென் சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், சொந்த ஊர் தண்டையார்பேட்டையா என்று கேட்டுவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்பார்கள். இரண்டு இடத்தில் நடந்தது. உங்கள் வரியை அப்படிப்பட்டவர்களும் படிப்பார்கள், ஐயா.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். அதுவரை இதைத்தான் வைத்து எழுதுவீர்கள், சரி. அட்டவணைக்குக் கீழே 'வீட்டு விவரம் 2010-ல் எடுத்தது' என்று மட்டும் போடுங்கள். வரும் ஞாயிறே திருத்தம் வந்தால் நல்லது. மகளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை.