மாடியில் வீணாகும் வெயில்: எங்கள் பகுதி மின் பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வைகையின் வடகரையில், உங்கள் அலுவலகத்துக்கு நடந்தே வந்துவிடும் தூரத்தில் குடியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் மனு எண் இந்நேரம் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அத்தனை முறை வந்து நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு நெட் மீட்டர், அதாவது நாங்கள் எடுக்கும் கரண்டிலிருந்து வெளியே கொடுக்கும் கரண்டைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் மீட்டர், பொருத்தித் தாருங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

மார்ச் நடுவில் மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் ஏறியது. நிறுவிய சான்றை அந்த வாரமே கொடுத்துவிட்டோம். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் மீட்டர் வந்துவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அழகர் இறங்கினார், வண்டியூர் போனார், மலைக்கும் திரும்பிவிட்டார். கத்திரி வெயிலும் முடிந்துவிட்டது. "மீட்டர் ஸ்டாக் இல்லைம்மா" என்பதுதான் இன்றைக்கும் பதில்.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு மாடிக்குப் போய்ப் பேனலில் படிந்த புழுதியைத் துடைக்கிறேன். ஒன்பது மணிக்கே தளம் காலைச் சுடுகிறது. கீழே வந்தால் பேனலின் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இருண்டு கிடக்கிறது. போட்டுப் பார்க்கவும் வழியில்லை. "வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகப் பழைய மீட்டர் ஏற்றிவிடும், அனுமதி வராமல் தொடாதீர்கள்" என்று பேனல் பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலோடு கிடக்கும் என் மாமியாருக்கு 81 வயது. பகலெல்லாம் காய்ந்த சுவர் ராத்திரி முழுக்க அனலைக் கக்குகிறது. ஏசி போட்டால் பில்லை நினைத்துப் பயம். போடாவிட்டால் அவர் மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பயம். பகலில் நாங்கள் கொடுக்கும் யூனிட்டை ராத்திரிக் கணக்கில் கழித்துக்கொள்ளத்தானே ஐயா நெட் மீட்டர்?

வளையலை அடகு வைத்துப் போட்ட பேனல் அது. மீட்டர் மாட்டி இயக்கிய பிறகுதான் ஒன்றிய அரசின் 78,000 ரூபாய் மானியம் கைக்கு வரும். வட்டி அதுவரை காத்திருக்குமா?

விதி உங்களுக்குத் தெரியாததல்ல. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வே தேவையில்லை, சான்று கொடுத்த 15 நாளில் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2024இல் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. இங்கே 75 நாள் ஆகிவிட்டது. நாளுக்கு 12 யூனிட் என்று வைத்தாலும் 900 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமை ஒட்டிக் கரியமிலவாயு வெளியேறுகிறது. எங்கள் ஒரு மாடியிலேயே அறுநூறு கிலோவுக்கு மேல் மிச்சமாகியிருக்கும். இந்த ஊரில் இப்படிக் காத்துக் கிடக்கும் மாடி எங்களுடையது ஒன்றுதானா என்று தெரியவில்லை.

கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்துவிட்டது. அதே வெயில்தான் இங்கேயும் அடிக்கிறது. சாலையை அகலப்படுத்த நிழல் தந்த புளியமரங்களை வெட்டினோம். பதிவானதிலேயே வெப்பமான ஆண்டு 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.55 டிகிரி கூடுதல் என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கரண்டை மிச்சம் பிடி, மஞ்சப்பை எடுத்துப் போ, பக்கத்துத் தெருவுக்கு வண்டி எடுக்காதே என்று எல்லாவற்றையும் பிள்ளைகளிடம்தான் சொல்கிறோம். அவர்கள் செய்கிறார்கள் ஐயா. எங்கள் வகுப்பில் மணி அடித்ததும் ஃபேனை அணைத்துவிட்டுக் கடைசியாக வெளியே வருவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள், ஒருநாள்கூட மறந்ததில்லை. சாதாரண ஜனம் தன் பங்கைச் செய்துவிட்டு நிற்கிறது. அலுவலகம் செய்ய வேண்டிய பங்குதான் மேசையிலேயே கிடக்கிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறையில் நீங்களும் திண்டாடுவது எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், உங்க வீட்டு சோலார் ஓட ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டான். "அடுத்த வாரம்" என்றேன். அடுத்த வாரமும் கேட்டான். அதன்பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளன்று அதே பிள்ளைகள் முன்னால் நின்று நான் உறுதிமொழி வாசிக்க வேண்டும். அதற்குள் நெட் மீட்டரைப் பொருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆட்கள் எந்த நேரம் வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி நுகர்வோர், ஓர் அறிவியல் ஆசிரியை