இரண்டு ஸ்ட்ரைக்கருக்கும் ஒரே வேலை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கால்பந்து மேலாண்மை விளையாட்டில் இரட்டை ஸ்ட்ரைக்கர்களை, அதாவது கோல் அடிக்க முன்னால் நிற்கும் இருவரை, அமைப்பது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை நானும் என் மகளும் சேர்ந்தே படித்தோம். அணியில் ஃபினிஷிங் எண் (கோல் அடித்து முடிக்கும் திறனுக்கு விளையாட்டு 20க்குத் தரும் மதிப்பெண்) அதிகமாக உள்ள இருவரை முன்னால் நிறுத்திவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்கிறார் கட்டுரையாளர். நடக்காது. ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் அப்படி நிறுத்திப் பார்க்கட்டும். இருவரும் ஒரே இடத்துக்கு ஓடுவார்கள். எதிரணியின் நடுத் தடுப்பாளர்களான இரண்டு சென்டர் பேக்குகளும் நின்ற இடத்தைவிட்டு நகராமலே இருவரையும் பார்த்துக்கொள்வார்கள். நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் இடையே ஒரு மைதானமே காலியாகக் கிடக்கும்.

ஃபினிஷிங் என்பது பந்து காலுக்கு வந்த பிறகு வேலைக்கு ஆகும் எண். பந்து வந்து சேர்வதற்கு வேறு எண்கள் வேண்டும். தடுப்பாளர்களின் முதுகுப்பக்கம் நழுவி ஓடுபவருக்கு ஆஃப் த பால் (பந்து இல்லாதபோது இடம் பிடிப்பது), அன்டிசிபேஷன் (முன்கூட்டியே கணிப்பது), ஆக்சிலரேஷன் (சட்டென வேகமெடுப்பது) மூன்றையும் பார்ப்பேன். இறங்கி வந்து பந்து வாங்குபவருக்கு ஃபர்ஸ்ட் டச் (வந்த பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது), பாஸிங், விஷன் (பாஸ் போடும் வழியைக் கண்டுகொள்வது), டீம்வொர்க். பின்னால் ஒருவன் இடித்துக்கொண்டே இருக்கும்போது பந்தை விடாமல் வைத்திருக்க ஸ்ட்ரெங்த்தும் வேண்டும். இந்த இரண்டாமவருக்கு ஃபினிஷிங் 20க்கு 11 இருந்தால்கூட நான் கவலைப்பட மாட்டேன்.

நானும் மகளும் விளையாட்டில் நடத்தும் அணியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். டீப் லையிங் ஃபார்வர்டாக, அதாவது இறங்கி வந்து ஆடும் ஸ்ட்ரைக்கராக, ஆடுபவர். பாதி சீசன் முடிந்ததும் மகள் கோல் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, இவன் கோலே அடிக்க மாட்டேங்கிறான், ஜனவரியில வித்துடலாம்" என்றாள். "இரும்மா, ஹைலைட்ஸ நிறுத்திட்டு முழு ஆட்டத்தையும் ஓட விட்டுப் பாரு" என்றேன். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வைத்துப் பார்த்தோம். நம் நடுக்கள வீரர் தலையைத் தூக்கியதும் இவர் பத்தடி கீழே இறங்குகிறார். அவரை விட மனமில்லாமல் சென்டர் பேக்கும் கூடவே வருகிறார். அந்த சென்டர் பேக் விட்டுவந்த இடம் கதவு திறந்த மாதிரி கிடக்கிறது. இன்னொரு ஸ்ட்ரைக்கர் குறுக்காக அதற்குள் ஓட, பாஸ் நேராக அவருக்குப் போகிறது. கோல். இறங்கி வந்தவர் பந்தைத் தொடவே இல்லை. அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) கணக்கிலும் அவர் பெயர் இல்லை. அதன் பிறகு விற்கும் பேச்சை எடுக்காதவள், புது ஒப்பந்தம் வேறு போட்டுக் கொடுத்துவிட்டாள். சம்பளம் கொஞ்சம் அதிகம்தான்.

இது கணினிக்குள் மட்டும் நடக்கும் வித்தை அல்ல. 2015-16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது ஜேமி வார்டி 24 கோல் அடித்தார். அவரோடு ஆடிய ஷின்ஜி ஒகாசாகி அடித்தது வெறும் 5. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஒகாசாகியை உட்கார வைத்திருப்பார். ஓடி ஓடி எதிரணியை நெருக்கி, நடுக்களத்தில் ஒரு ஆள் கூடுதலாக இருப்பதுபோல் ஆடியது அவர்தான்.

1994-95இல் பிளாக்பர்ன் அணி அதே பட்டம் வென்றபோது ஷியரர் 34, சட்டன் 15 என்று இருவருமே அடித்தார்களே என்று கட்டுரையாளர் கேட்கலாம். அடித்தார்கள். இரண்டு ஓரங்களிலும் ரிப்ளி, வில்காக்ஸ் என்று கிராஸ் போட, அதாவது ஓரத்திலிருந்து பந்தை கோல் முன்னால் அனுப்ப, ஆள் இருந்தது. கட்டுரை தொடாமல் விட்ட விஷயம் இதுதான். ஸ்ட்ரைக்கர் ஜோடியைத் தனியாக அமைக்க முடியாது. முன்னால் இருவரை வைத்தால் வேறெங்கோ ஒருவர் குறைகிறார். 3-5-2 (தடுப்பில் மூவர், நடுவில் ஐவர், முன்னால் இருவர்) ஆடினால் ஓரங்களுக்கு, மேலும் கீழும் ஓடும் விங் பேக்குகள்தான் கதி. அவர்களுக்கு ஸ்டாமினா இல்லையென்றால் எழுபதாவது நிமிடத்தில் கிராஸ் நின்றுபோகும். 4-4-2 ஆடினால் நடுக்களத்தின் மையத்தில் நம் இருவருக்கு எதிரே பெரும்பாலும் மூவர் நிற்பார்கள். அப்போது இறங்கி ஆடும் ஸ்ட்ரைக்கரே எதிரணியின் தடுப்பு நடுக்கள வீரரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபுட்பால் மேனேஜர் 26இல் பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு வேலை, இல்லாதபோது வேறு வேலை என்று தனித்தனியே கொடுக்கலாம் என்பதால் இது இப்போது சுலபம்.

உயரமான டார்கெட் ஃபார்வர்டோடு (தூரத்திலிருந்து வரும் நீளப் பந்துகளை வாங்கித் தருபவர்) வேகமான ஒருவரைச் சேர்ப்பதும் நல்ல ஜோடிதான். சண்டர்லேண்ட் அணியில் நியால் குவின் பக்கத்தில் ஆடித்தான் கெவின் ஃபிலிப்ஸ் 1999-2000இல் 30 லீக் கோல் அடித்து ஐரோப்பியத் தங்கக் காலணி விருது வாங்கினார். ஆனால் உயரமானவரை வைத்துக்கொண்டு கோல்கீப்பரைக் குட்டைப் பாஸ் கொடுக்கச் சொல்லும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவரை எதற்கு வாங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். வீரரின் சொந்தப் பழக்கங்களைப் படித்துவிட்டு ஜோடி சேருங்கள். இருவருக்குமே கீழே இறங்கி வந்து பந்து வாங்கும் பழக்கம் இருந்தால், என்ன பணி கொடுத்தாலும் பெனால்டி ஏரியாவில் ஆள் இருக்காது. அடுத்து, எதிரணியின் சென்டர் பேக்குகளில் யாருக்கு வேகம் குறைவு என்று ஸ்கவுட் அறிக்கையில் பாருங்கள். ஓடும் ஸ்ட்ரைக்கரை அந்தப் பக்கம் நிறுத்துங்கள். ஆட்டத்தின் நடுவிலும் இடம் மாற்றலாம். ஒரு நிமிட வேலை.

அடுத்த வாரம் மூவர் முன்வரிசை பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் வீரர்களின் அட்டவணை போடுவதானால், ஃபினிஷிங்குக்குப் பக்கத்திலேயே ஆஃப் த பாலுக்கும் டீம்வொர்க்குக்கும் ஒரு கட்டம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் வீரரின் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்