தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிருபர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பாலக்கோடு வட்டாரத்தில், கணவனிடம் அடிபட்ட பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பல ஆண்டுகளாகப் போய்வருபவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

'சேர்ந்து வாழ மறுத்த மனைவிக்கு அரிவாள் வெட்டு.' இந்தத் தலைப்பில் மறுத்தவள் இருக்கிறாள், வெட்டு இருக்கிறது. வெட்டியவன் மட்டும் இல்லை. குற்றம் செய்தவள் மனைவியாக இருந்தாலோ, 'கள்ளக்காதலனுடன் சேர்ந்து கணவனைத் தீர்த்துக்கட்டிய மனைவி' என்று படத்தோடு வந்து நிற்கிறாள். பிறன்மனை உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்த பிறகும், அந்தக் 'கள்ள' என்ற சொல்லை நீங்கள் விட்டபாடில்லை.

'நடத்தையில் சந்தேகம்' என்ற செய்தி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கைதானவர் காவலர்களிடம் சொன்னது அது. காவலரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. சொன்னவருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் செல்லாத ஒரு பேச்சை, செத்துப்போய் மறுத்துப் பேச வழியற்ற ஒருத்தியின் மேல் ஏற்றி, மறுநாள் காலையில் பேருந்து நிலையக் கடைகளில் சுவரொட்டியாகத் தொங்கவிடுவது எந்த நியாயத்தில் சேரும்?

எங்கள் தெருப் பெண் ஒருவர் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, தன்னைப் பற்றிய செய்தியை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அக்கா, நான் வரமாட்டேன்னு சொன்னதப் போட்டிருக்காங்க. ஏன் சொன்னேன்னு போடலியே" என்றார். அவர் அதற்கு முன் 3 முறை மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தவர். மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீதுகள், ரேஷன் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. செய்தியில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடி மட்டுமல்லாமல் வசை, மிரட்டல், பணத்தைப் பறித்தல் ஆகியவற்றுக்கும் குடும்ப வன்முறை என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெயரிட்டிருக்கிறது. நீங்கள் இன்னும் 'குடும்பத் தகராறு' என்றே எழுதுகிறீர்கள். தகராறு என்றால் இரு பக்கமும் கை ஓங்கியதாகத்தானே படிப்பவர் எண்ணுவார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வீடுகளில் நடப்பதைத் தகராறு என்று எழுதிக் கடந்துபோக முடியாது.

மணமாகி 7 ஆண்டுகளுக்குள் இறந்த பெண்களைப் பற்றிய செய்தி, 'கோட்டாட்சியர் விசாரித்து வருகிறார்' என்று முடிகிறது. அந்த விசாரணை என்னவாயிற்று என்று பின்னர் எழுதப்பட்டதை நான் அரிதாகவே படித்திருக்கிறேன்.

காவல் நிலையத்தில் செய்திக் குறிப்பை வாங்கும்போது, 'இந்தப் பெண் இதற்கு முன் மனு கொடுத்திருக்கிறாரா, அதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை அச்சிடுங்கள். செய்தியின் அடியில் மகளிர் உதவி எண் 181ஐப் போடுங்கள். எங்கள் தெருப் பெண் அந்த 3 ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறார். கேட்டு வருபவர்களுக்குக் காட்டச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி
பாலக்கோடு