குழாயடியில் பார்த்தது: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் காலை பிரேயரில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டான். கேட்டதற்கு வயிற்று வலி என்றான். என் அறையில் உட்கார வைத்தேன். இன்டர்வெல் மணி அடித்ததும் எழுந்து போய், குழாயடியில் இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். தாகத்துக்குக் குடிக்கிறவன் அப்படிக் குடிக்க மாட்டான். அவன் வயதில் நானும் அப்படி வயிற்றை நிரப்பியவன்தான், அதனால் தெரியும். (வகுப்பை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாரென்று தேட வேண்டாம்.)

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் சொத்தையானது. டாக்டரிடம் போக வீட்டில் பணம் இல்லை. சில வாரம் வலித்தது, அப்புறம் தானாக நின்றுவிட்டது. வலி நின்றால் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்போம்? உள்ளே நரம்பு செத்துப்போயிருந்தது என்று நாற்பது வயதில்தான் பல் மருத்துவர் சொன்னார். அதற்குள் பக்கத்துப் பல்லும் போயிருந்தது. வேலை கிடைத்தது, சம்பளம் ஏறியது, தலைமையாசிரியரும் ஆகிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் இன்றும் இடப்பக்கமாகத்தான் மெல்கிறேன்.

இது என் ஒருவன் கதை இல்லை. சிறு வயதில் பட்ட வறுமையின் தடம், வசதி வந்த பிறகும் உடம்பில் தங்கிவிடலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஏறத்தாழ 1,000 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 26 வயதில் பரிசோதித்தபோது, வசதி குறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் 100க்கு 31 பேருக்கு ஈறு நோய் இருந்தது. வசதியான வீடுகளில் வளர்ந்தவர்களில் 12 பேருக்குத்தான். இதயமும் நுரையீரலும் உழைப்பைத் தாங்கும் திறனிலும் வித்தியாசம் தெரிந்தது. பெரியவர்களான பிறகு நல்ல நிலைக்கு வந்திருந்தாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். எல்லோரும் டாக்டர்கள், எல்லோருக்கும் நல்ல வருமானம். ஆனாலும் அப்பாவின் வேலையை வைத்துப் பார்த்தபோது, எளிய வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு 50 வயதுக்குள் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.4 மடங்கு. “படி, படித்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறவன் நான். இதைப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

இதெல்லாம் தலைவிதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். கஷ்டத்தில் வளர்ந்து எண்பது வயதிலும் திடமாக நடப்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு.

காரணம் சாப்பாடு மட்டும் இல்லை. ஈரம் ஊறிய சுவர், புகை, தள்ளிப்போடும் மருத்துவம் எல்லாம் சேர்கின்றன. அதோடு பயம். கடன் கொடுத்தவர் கதவைத் தட்டுகிறார், உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், மூலையில் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது. ஒரு நாள் என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆபத்து வந்தால் ஓடுவதற்கென்று சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எப்போதும் உஷார் நிலையிலேயே இருக்கப் பழகிவிடுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் குழாய்களின் உள்சுவர் என்று ஒவ்வொன்றையும் அது மெல்ல மெல்லத் தேய்க்கிறது. வெளியே தெரிய இருபது முப்பது வருடம் ஆகும். அப்போது நாம் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

அந்தப் பயத்தில் பள்ளிக்கும் பங்கு உண்டு. கட்டண பாக்கி உள்ளவர்களின் பெயர்களை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து வாசிக்கும் வழக்கம் சென்ற ஆண்டு வரை நம் பள்ளியில் இருந்தது. அனுமதித்தவன் நான்தான். அது தவறு. நின்ற பிள்ளைகளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி அந்தப் பட்டியல் அலுவலகத்தைத் தாண்டாது, பிள்ளையின் கையில் நோட்டீசும் வராது.

சிறு வயதில் கை கொடுத்தால் பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் 1972இல் தொடங்கி, ஏழை வீடுகளில் பிறந்த 111 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து வயது வரை நாள் முழுக்கப் பராமரிப்பு, சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை. முப்பதுகளின் நடுவில் அளந்து பார்த்தபோது, அந்தப் பராமரிப்பு கிடைத்த ஆண்களின் ரத்த அழுத்தத்தில் மேல் அளவு சராசரியாக 126. கிடைக்காதவர்களுக்கு 143. சிறிய ஆய்வுதான், ஆனால் இந்த வித்தியாசம் சின்னதில்லை. நம் பிள்ளைகள் ஐந்து வயதைத் தாண்டிவிட்டார்களே என்றால், அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

இன்னொரு ஆய்வில், ஏழ்மையில் வளர்ந்திருந்தாலும் அம்மாவின் அரவணைப்பு நன்றாகக் கிடைத்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் சார்ந்த சிக்கல்கள் குறைவாக இருந்தன. அம்மாக்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்பாக்களும் படிக்கலாம்.

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியில் பள்ளியிலேயே பல், கண் பரிசோதனை நடக்கும். எடை, உயரமும் பார்ப்பார்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம். வகுப்பாசிரியர் தரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். வலி நின்றுவிட்டது என்று எழுதாமல் விட்டுவிடாதீர்கள். முன்பு எப்போது வலித்தது என்பதையும் எழுதுங்கள்.

காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு முதல் பீரியடுக்கு முன் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் ஏற்பாடு செய்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம், பெயர் எழுத மாட்டோம். ஆசிரியர்களும் அங்கேதான் சாப்பிடப் போகிறோம்.

வேலை போயிருந்தாலும், வாடகை நெருக்கினாலும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். அலுவலகத்தில் வரிசையில் நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டுத் திடல் பக்கமாக என் அறைக்கு இன்னொரு கதவு உண்டு. மாலை நான்கரைக்கு மேல் அது திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்