நூர்ஜகானை விட்டுவிடுங்கள், நாணயத்தைப் பாருங்கள்: வரலாற்றுக் காணொளி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாற்றுக் காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவர் முகலாய பாதுஷா ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜகானைப் பற்றிப் போட்ட காணொளியை, ராத்திரி சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். யார் என்று சொல்லப்போவதில்லை. அவர் ஒருவரோடு முடிகிற விஷயமும் இல்லை. மற்ற சேனல்களிலும் இதே கதைதான் ஓடுகிறது. குடிகார ராஜா, அவனை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொண்ட பேரழகி, நாசமாய்ப் போன பேரரசு.

நான் பழைய நாணயம் சேர்க்கிறவன். பெரிய சேகரிப்பு எல்லாம் கிடையாது, இரண்டு ஆல்பம்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில், வியாபாரி ஒருவர் வெல்வெட் தட்டிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சூரத்தில் அடித்தது. பதினோரு கிராம் சொச்சம் இருக்கும். இரு பக்கமும் பாரசீக எழுத்து. அவர் பல்குச்சியால் எழுத்தெழுத்தாகத் தொட்டு வாசித்துக் காட்டினார்: ஷா ஜஹாங்கீரின் ஆணையால், நூர்ஜகான் பாதுஷா பேகத்தின் பெயர் பொறித்ததால், பொன்னுக்கு நூறு அழகு கூடியது. அடித்திருப்பது வெள்ளியில், பாட்டில் மட்டும் பொன்! விலை கேட்டேன். சத்தமில்லாமல் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்து முஸ்லிம் அரசுகளில் 'யார் ராஜா' என்பதற்கு இரண்டு அடையாளம். ஒன்று நாணயத்தில் பெயர். மற்றது வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் பெயர். இரண்டாவது நூர்ஜகானுக்குக் கிடைக்கவே இல்லை. முதலாவது 1620-களின் நடுவில் கிடைத்தது. ஆக்ரா, லாகூர், பாட்னா, சூரத் என்று பல நாணயச்சாலைகளில் அவர் பெயரில் காசு அடித்தார்கள். முகலாய ராணிகளில் வேறு யாருக்கும் இது நடக்கவில்லை. படுக்கையறைக் கிசுகிசுப்பில் நடந்த ஆட்சி என்றால் அது ஊர் ஊராகக் கைமாறும் ரூபாயில் ஏறியிருக்குமா?

சரி, மயக்கிய கதைக்கு வருவோம். 1611 மே மாதம் ஜஹாங்கீரைக் கல்யாணம் செய்தபோது மெஹருன்னிஸாவுக்கு (நூர்ஜகானின் இயற்பெயர் அதுதான்) வயது கிட்டத்தட்ட 34. வங்காளத்தில் புருஷனை இழந்து, லாட்லி என்ற மகளோடு அரண்மனைக்கு வந்த விதவை. இளவயதிலேயே சலீமுக்கும், அதாவது ஜஹாங்கீருக்கும், அவருக்கும் காதல், அதற்காகவே முதல் கணவர் ஷேர் அஃப்கனைத் தீர்த்துக்கட்டினார்கள் என்கிறீர்கள். ஜஹாங்கீர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எத்தனையோ அந்தரங்கத்தை மறைக்காமல் எழுதியவர். இந்தக் காதல் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஊதிப் பெருக்கினது எல்லாம் பின்னால் வந்தவர்கள்.

குடியும் அப்படித்தான். ஒரு காலத்தில் நாளுக்கு இருபது கோப்பை குடித்ததை அவரே எழுதியிருக்கிறார். அது நூர்ஜகான் வருவதற்கு முந்திய கதை. 1621-ல் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, வைத்தியர்களைவிட என் பேகத்துக்கு விஷயம் தெரியும், கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவள் அவள்தான் என்றும் எழுதுகிறார். நீங்கள் காணொளியில் ஊற்றிக் கொடுக்க வைத்தது அந்த அம்மாவை!

பின்னே அதிகாரம் எங்கிருந்து வந்தது? குடும்பம் ஒரு காரணம். அப்பா கியாஸ் பேக் அக்பர் காலத்திலேயே வேலையில் சேர்ந்தவர். இதிமாத்-உத்-தௌலா என்ற பட்டம் மகளின் கல்யாணத்துக்கு முன்பே, ஜஹாங்கீர் பட்டமேறிய கையோடு வந்துவிட்டது. அண்ணன் ஆசஃப் கான் அவையில் பெரிய ஆள். அண்ணன் மகள்தான் மும்தாஜ். இளவரசர் குர்ரமுக்கு, அதாவது பின்னாளைய ஷாஜகானுக்கு, 1612-ல் கட்டிக்கொடுத்தார்கள். இன்னொரு காரணம் பணம். பேகத்துக்கு ஜாகீர் நிலங்கள் (வரி வருமானத்துக்காக அரசு ஒதுக்கியவை) இருந்தன, கடல் வணிகம் இருந்தது, அவுரி என்ற நீலச்சாய வியாபாரத்தில் கை இருந்தது. இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ வந்தபோது, காரியம் ஆக வேண்டுமானால் யார் தயவு வேண்டும் என்று கண்டுகொள்ள அவருக்கு ரொம்ப நாள் பிடிக்கவில்லை.

இவ்வளவையும் விட்டுவிடுங்கள். ஜீலம் ஆற்றங்கரையை எப்படி ஐயா விட்டீர்கள்?

1626. காபூலுக்குப் போகும் வழி. படகுப் பாலத்தில் படை முழுக்க அக்கரைக்குப் போய்விட்டது. பாதுஷா கொஞ்சம் ஆட்களோடு இக்கரையில். இந்த நேரம் பார்த்துத் தளபதி மஹாபத் கான் ராஜபுத்திர வீரர்களோடு வந்து அவரைச் சிறைப்பிடித்தார். நூர்ஜகான் நழுவி அக்கரை சேர்ந்தார். அங்கே அண்ணனையும் பிரபுக்களையும் கூட்டி, உங்கள் அசட்டையால் வந்த வினை என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாள் பாலம் எரிந்து கிடக்க, யானைமேல் ஆற்றில் இறங்கினார். அம்பாரியில் அவரோடு மகள் வயிற்றுப் பேத்தி, கைக்குழந்தை. எதிர்க்கரையிலிருந்து வந்த அம்பு ஒன்று உள்ளே ஒரு கையில் தைத்தது. பேகமே அதைப் பிடுங்கி எடுத்தார், துணியெல்லாம் ரத்தம். வெட்டுப்பட்ட யானை திரும்பி நீந்திக் கரையேறியது. அண்ணன் அட்டோக் கோட்டைக்கு ஓடிவிட்டார்.

தோற்ற பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிது. தானாகப் போய்ச் சரணடைந்து கணவரோடு சேர்ந்துகொண்டார். மஹாபத் கானின் கண் முன்னாலேயே, மாதக்கணக்கில், ஆட்களைச் சேர்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஓடியது மஹாபத் கான்.

அவரை மகாத்மா ஆக்கச் சொல்லவில்லை. மகள் லாட்லியை ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷஹ்ரியாருக்குக் கொடுத்து அவரை அரியணைக்குத் தள்ளியது அப்பட்டமான கணக்கு. குர்ரம் கலகத்தில் இறங்க அது ஒரு காரணம். கணக்கும் தப்பானது. 1627-ல் ஜஹாங்கீர் கண்ணை மூடியதும், ஆசஃப் கான் தன் மருமகன் பக்கம் நின்றார், தங்கையைக் காவலில் வைத்தார். ஷஹ்ரியாரின் கண்ணைக் குருடாக்கினார்கள், பிறகு கொன்றார்கள். ஷாஜகான் சித்திக்கு வருடம் இரண்டு லட்சம் ரூபாய் மானியம் கொடுத்து லாகூரில் உட்கார வைத்தார். 1645 வரை அங்கேதான்.

இப்போது சொல்லுங்கள், தோற்றவரைப் பற்றி ஜெயித்தவர் அவையில் எழுதியதை அப்படியே வாசிக்கலாமா? எனக்கு மதுவும் கொஞ்சம் கறியும் போதும், ராஜ்யத்தை பேகம் பார்த்துக்கொள்வாள் என்று ஜஹாங்கீர் சொன்னதாக எல்லாரும் எடுத்துவிடும் வசனம், ஜஹாங்கீரின் அவையில் இருந்த முத்தமித் கான் எழுதியது. அந்த மனிதர் பிறகு ஷாஜகானிடம் மீர் பக்‌ஷி, அதாவது படை நிர்வாகம் பார்க்கும் உயர் அதிகாரி. ஜீலம் சண்டையைச் சொன்னவரும் அவரேதான், அதனால் தூக்கி எறியவும் முடியாது. சொல்லும்போது யார் சொன்னது என்று ஒரு வார்த்தை சேருங்கள், போதும்.

அப்புறம் அந்த தம்ப்நெயில். மதுக் கோப்பையோடு சாய்ந்து கிடக்கும் அந்தப் பெண் யாரோ தெரியவில்லை. ராம்பூர் ரஸா நூலகத்தில் ஓவியர் அபுல் ஹசன் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. நூர்ஜகான் நின்றுகொண்டு, நீளத் துப்பாக்கி ஒன்றில் மருந்து கெட்டித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அதைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன் ஒருவன்