சான் டியாகோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

உடலில் எச்.ஐ.வி. எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ்ட் கிஃப்ட் ஆய்வில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், அடுத்த வாரத்திலிருந்து பங்கேற்பாளர்களின் வீடுகளுக்குப் போகப்போவதாகவும் எழுதியிருந்தாய். மனது நிறைந்தது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஊர்க்கதையை போனில் பேசிக்கொள்வோம், இந்தக் கடிதம் வேலைக்கு மட்டும்.

எச்.ஐ.வி.யோடு வாழ்ந்து, புற்றுநோயோ வேறு தீராத நோயோ வந்து, இனி ஆறு மாதம் தாண்டாது என்று டாக்டர்கள் சொன்னவர்கள்தான் அங்கே சேருகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை ரத்தம் தருகிறார்கள், இறந்தபின் 6 மணி நேரத்துக்குள் உடலின் திசுக்களை எடுக்கிறார்கள். ரத்தம் மட்டும் ஏன் போதாது என்று வீட்டார் கேட்பார்கள். எச்.ஐ.வி. புகுந்து தங்குவது லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களில். உடலில் உள்ள அந்த அணுக்களில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகிறது. மற்றதெல்லாம் நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் குடலிலும் இருக்கிறது. எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் தலைதூக்குவது அந்த ஒளிவிடங்களிலிருந்துதான். மூளையிலும் அது பதுங்குகிறது. உயிரோடிருப்பவரிடம் மூளையில் ஒரு துண்டு கேட்க முடியுமா?

இந்த ஆய்வால் பங்கேற்பவரின் ஆயுள் ஒரு நாள்கூட நீளாது. தெரிந்தே தருகிறார். அவர் தருவதாகச் சொன்னது வீணாகக் கூடாது, வேண்டாம் என்று சொன்னது நடந்துவிடக் கூடாது. உன் வேலை முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கும்.

முதலில் சம்மதம். கையெழுத்து வாங்கிய அன்றோடு அது முடிவதில்லை, ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்க வேண்டும். மார்ஃபின் கொடுத்து அசந்திருக்கும் நேரத்தில் கேட்காதே. சித்தக்குழப்பம் மாலையில்தான் கூடும், அதனால் காலையில் போ. "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நாங்க என்ன செய்வோம்னு உங்க தங்கச்சிக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேள், புரிந்ததும் புரியாததும் தானாக வெளியே வரும். பேச்சுவாக்கில் "இது என் கான்சருக்கும் கொஞ்சம் உதவும்ல" என்று ஒரு வரி வந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து விளக்கு. ரத்தம் இன்னொரு நாள் எடுக்கலாம்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பல பேருக்கு வாரத்தில் வரும் ஒரே விருந்தாளி நீயாக இருப்பாய். உன்னிடம் பிரியம் வந்தபிறகு உன் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு மனம் வராது. ஆகவே, தொடர விருப்பமா என்ற கேள்வியை அவ்வப்போது குழுவில் வேறொருவர் தனியாகக் கேட்கட்டும். இதை மட்டும் நீ சேர்ந்த உடனேயே பேசி ஏற்பாடு செய்துவிடு.

ரத்த அளவில் பேராசை கூடாது. ஆபத்து குறைவு என்று நெறிக்குழு எளிய பரிசீலனையில் அனுமதிக்கும் ஆய்வுகளில், உடல்நலமில்லாத பெரியவரிடம் 8 வாரத்தில் 50 மில்லியோ கிலோவுக்கு 3 மில்லியோ, எது குறைவோ அதற்குமேல் எடுக்கக் கூடாது, வாரத்தில் இரண்டு முறைக்குமேல் குத்தக் கூடாது என்பது அமெரிக்க விதி. உங்கள் ஆய்வுக்கு நெறிக்குழு வேறு அளவு கொடுத்திருந்தாலும் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். இளைத்த கைக்கு 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி போதும். கட்டும் பட்டையை ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்த்துவிடு, இல்லையென்றால் அணுக்கள் உடைந்து மாதிரி கெடும். ஊதா மூடி டியூபில் எடு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட டியூப், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைத் தடுத்துவிடும்.

ஏ.ஆர்.டி. மாத்திரையை எந்த நாள்வரை விழுங்கினார் என்பதைப் போகும்போதெல்லாம் எழுதிக்கொள். கடைசி நாட்களில் தொண்டையில் இறங்காமல் பலர் விட்டுவிடுவார்கள். அந்தத் தேதி தெரியாவிட்டால், திசுவில் வைரஸ் கூடுதலாகத் தெரிவது பழைய ஒளிவிடத்தாலா, மருந்து நின்றதாலா என்று பிரிக்கவே முடியாது. கேட்கும்போது குரலில் கண்டிப்பு இருக்கக் கூடாது.

இனி அந்த 6 மணி நேரம். அதில் வெல்வதும் தோற்பதும் அவர் உயிரோடிருக்கும்போதே தீர்ந்துவிடுகிறது. அதிகம் கெடுவது முதல் போன் அழைப்பில். பதற்றத்தில் வீட்டார் அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட்டுவிட்டால் ஆம்புலன்ஸ் வந்து நெஞ்சை அமுக்கும், சில நேரம் விசாரணைக் கேஸாகவும் ஆகிவிடும். கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து கவனிக்கும் ஹாஸ்பிஸ் சேவையின் எண்ணும் உங்கள் எண்ணும் பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும். கடைசி நேரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று டாக்டர் கையெழுத்தோடு சொல்லும், கலிஃபோர்னியாவில் இளஞ்சிவப்புத் தாளில் வரும் போல்ஸ்ட் படிவமும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்து இறப்பை உறுதிசெய்ய வேண்டும், பிறகு வண்டி வர வேண்டும், நடுவே குடும்பம் உட்கார்ந்து அழ நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கை வைக்காதே, மற்ற இரண்டையும் சுருக்கப் பார். உறக்கத்திலேயே போனவருக்கு, பார்த்த நேரத்தை மட்டும் எழுதினால் கணக்கு தப்பும். கடைசியாக மூச்சோடு பார்த்தது எப்போது என்பதையும் சேர்த்து எழுது.

திசு எடுக்கும் பிரேதப் பரிசோதனை மேசையில் ஒவ்வொரு உறுப்புக்கும் புது பிளேடு, புது கையுறை. மண்ணீரலின் நாலு அணு மூளைத் துண்டில் ஒட்டினாலும் மூளையில் இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டும். குடலைத் தள்ளிப்போடாதே, சொந்த நொதிகளாலும் கிருமிகளாலும் அதுதான் சீக்கிரம் அழியும். ஒரு துண்டு திரவ நைட்ரஜனுக்கு, ஒன்று பத்து மடங்கு ஃபார்மலினுக்கு, ஒன்று அணுக்களைப் பிரிக்க. ஃபார்மலினில் 48 மணிக்குமேல் கிடந்தால் மரபணு சிதையும். லேபிள்கள் முந்தின வாரமே அச்சாகியிருக்கட்டும், பேனா எழுத்து குளிரில் உரிந்துவிடும். 1986-ல் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் மாணவி சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வேலூருக்குக் கொண்டுபோனதால்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. மாதிரியைச் சுமப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சட்டப்படி ஆய்வுப் பங்கேற்பாளர் என்றால் உயிரோடிருப்பவர்தான். இறந்த நிமிஷத்தில் அந்த விதி விலகிவிடுகிறது, மருத்துவத் தகவலுக்கான காப்பு மட்டும் 50 வருஷம் நிற்கிறது. வெளியூரிலிருந்து வரும் அண்ணனுக்கு எச்.ஐ.வி. பற்றித் தெரியுமா, வாசலில் உன்னை யார் என்று சொல்ல வேண்டும், போனில் என்ன பேசலாம் என்பதையெல்லாம் பங்கேற்பவரிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதி வைத்துக்கொள். இறுதிச் சடங்குக்குப் போக மனம் அடித்துக்கொள்ளும். குடும்பம் கூப்பிட்டால் மட்டும் போ, நீ அங்கே நிற்பதே ரகசியத்தை உடைக்கலாம்.

உன் மனதுக்கும் ஏற்பாடு தேவை, தைரியம் மட்டும் காணாது. அழைப்பு வந்த ராத்திரி ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் நிற்கும்போது அழுகை வரும். வீட்டுக்குப் போய்ப் பழகியவரையே மேசைப் பக்கம் நிற்கச் சொல்லக் கூடாது, விரும்பி வந்தால் வரட்டும். ஒவ்வொரு இறப்புக்கும் பிறகு ஒரு வாரத்துக்குள் குழு உட்கார வேண்டும். முதலில் அந்த மனிதரைப் பற்றிப் பேசுங்கள், தவறிப்போனவை அதற்குப் பிறகு. ஒரே மாதத்தில் பலர் போனால் இரவு முறையை மாற்றித் தரச் சொல். கேட்பதற்குக் கூச்சப்படாதே, களைத்த கை லேபிளை மாற்றி ஒட்டும்.

ஒரு மாதம் கழித்து வீட்டாருக்கு போன் செய். "அவர் கொடுத்தது நல்லபடியாச் சேர்ந்துதா?" என்றுதான் கேட்பார்கள். சேர்ந்தது என்றால் சேர்ந்தது என்றும், தாமதமானதால் சில பாகம் எடுக்க முடியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல். தனி முடிவுகள் அவர்களுக்கு வராது என்பதை முதல் நாளே சொல்லியிருப்பாய், மறந்திருப்பார்கள், பொறுமையாக மறுபடி சொல். அந்த போனுக்கு உரிய தேதியை அவர் இறந்த அன்றே காலண்டரில் குறித்துவிடு.

அன்புடன்,
அம்மா