‘இல்லை’ என்று சொல்லும் கடைக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் தூத்துக்குடியில் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் பாதி, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் உணவகங்கள். மீதி, செல்போனில் நட்சத்திரம் அதிகம் வாங்கியவை. மதுரையிலும் கோவையிலும் அதே பெயர்ப்பலகையின் கீழ் உட்கார்ந்து, அதே மசாலா தடவிய அதே மீனைச் சாப்பிடலாம் என்றால், கடற்கரை ஊருக்குப் பெட்ரோல் செலவழித்து வருவானேன்?

நட்சத்திரம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை வந்து போகிறவர்கள். ஏசி குளிர்ந்ததா, கார் நிறுத்த இடம் இருந்ததா என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மீன் வறுவலைவிடக் கழிப்பறை முக்கியம். ஆனால் சட்டியில் கிடக்கும் மீன் எப்போது கரைக்கு வந்தது என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ளக் கடல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். இங்கே விசைப்படகுகள் விடியற்காலை போய் இரவில் திரும்புகின்றன. இரவில் ஏலம் போகும் மீன்தான் மறுநாள் மதியக் குழம்பு. நாட்டுப்படகு மீன் திரேஸ்புரத்தில் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மீனவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போவார்களே தவிரக் கடலுக்குப் போக மாட்டார்கள். தங்குகடலுக்கு, அதாவது சில நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன நாட்டுப்படகுகள் சனிக்கிழமையோடு கரை சேர்ந்துவிடும். அன்று திரேஸ்புரத்தில் கால் வைக்க இடமிருக்காது, சீலா (வஞ்சிரம்) விலையும் ஏறி நிற்கும். ஆகவே திங்கட்கிழமை மதியம் இலையில் விழும் துண்டு பெரும்பாலும் சனிக்கிழமைச் சரக்கு. வார இறுதிச் சுற்றுலாவை முடித்துக்கொண்டு திங்கள் மதியம் ஒரு மீன் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் அன்று கோழிக்கு மாறிக்கொள்வது நல்லது.

தங்கள் பட்டியல் மே மாதத்தில் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். நாட்டுப்படகுகள் மட்டும் போய் வரும். கேரளத்தில் தடை தொடங்குவது ஜூன் மாதத்தில்தான் என்பதால், அதுவரை மேற்குக் கடற்கரை மீன் ஐஸ் பெட்டியில் இங்கே வந்து இறங்குகிறது. அதைச் சாப்பிடுவதில் பாவமொன்றும் இல்லை. ‘இன்று பிடித்தது’ என்று விற்பதுதான் பொய். உறவினர்களை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய உணவகத்துக்கு அந்த மாதத்தில்தான் போனேன். சீலா, விளைமீன், பாறை, ஊளி, கணவாய், எதைக் கேட்டாலும் “இருக்கிறது சார்” என்ற ஒரே பதில். வந்த சீலா நார் நாராகப் பிரிந்து பஞ்சாக இருந்தது. உணவுப் பட்டியல் அட்டையில் விலைக்குப் பதில் ‘அன்றைய விலை’ என்று போட்டிருந்ததால், அன்றைய விலை எவ்வளவு என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் அட்டையே கிடையாது. வாசலை ஒட்டிய மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும். மசாலா தடவிய துண்டுகள் ஒரு பக்கம், மசாலா தடவாத ஒன்றிரண்டு மறுபக்கம். கல்லாவில் இருக்கும் அம்மாள் அதைக் காட்டி, “இன்றைக்கு நகரையும் சாளையும்தான், சீலா இல்லை” என்று நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். தடவாத துண்டைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்: முள்ளை ஒட்டிய சதை விலகாமல் இருக்கிறதா, நடுவில் ஓடும் கருஞ்சதை சிவப்பாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு இரண்டரை மணிக்கெல்லாம் சட்டியின் அடியைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ரசமும் மோரும்தான். சலித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அவர்கள் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் பன்னிரண்டரைக்கு வரவேண்டிய கடை அது. எது கேட்டாலும் எந்நேரமும் இருக்கிறது என்றால், சமையலறையில் அடுப்பைவிடக் குளிர்பெட்டிதான் பெரிது என்று அர்த்தம்.

இந்த மெஸ்ஸின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் எனக்கே இடம் கிடைக்காது.

சீலாவைப் பற்றி இன்னொன்று. நல்ல சீலா கேரளத்துக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடுகிறது. மிஞ்சியதை உள்ளூரில் போட்டி போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்ததும் வஞ்சிரம் கேட்கிறார்கள் (சென்னைப் பெயர், இங்கே சீலா), கடைக்காரரும் எப்படியாவது ஒரு துண்டைக் கொண்டுவந்து வைக்கிறார். நகரை, ஊளி, சாளை என்று அன்றைக்கு மலிவாக இறங்கியதைக் கேட்டால் பாதி விலையில் இரு மடங்கு ருசி கிடைக்கும். அட்டையில் ‘ஃபிஷ் ஃபிங்கர்’ என்று இருப்பதை இந்த ஊரில் கேட்கவே வேண்டாம். பல இடங்களில் அது குளத்தில் வளர்த்த பாசா மீன்.

சின்னக் கடையில் சுத்தம் இருக்குமா என்று கேட்பார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமச் சான்றைப் பெரிய ஓட்டல், சிறிய ஓட்டல் என்ற பேதமில்லாமல் எல்லோரும் பார்வையில் படும்படி மாட்டியாக வேண்டும். 14 இலக்க எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். அதோடு, கை கழுவும் இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே நாற்றமடித்தால் சமையலறையைப் பார்க்கத் தேவையில்லை.

இரவுக்கு என் யோசனை சுருக்கமானது. இந்த ஊரில் புரோட்டாக் கடைக்கு ‘நைட் கிளப்’ என்று பழைய பெயர் உண்டு, பயந்துவிட வேண்டாம். கல் வாசலிலேயே இருக்கும். உங்கள் கண்ணெதிரே வீசிப் போடுகிறவரிடம் சால்னாவோடு சாப்பிடுங்கள்.

தாங்கள் அடுத்து நாகப்பட்டினத்துக்கோ ராமேசுவரத்துக்கோ இப்படி ஒரு பட்டியல் போடுவதாக இருந்தால், கட்டுரையாளர் எந்த மாதம், என்ன கிழமை போனார் என்பதை ஒவ்வொரு கடைக்கும் கீழே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் காசு கொடுத்துச் சாப்பிட்டாரா என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி